பாதி வாள்: காசிமேட்டு ரெசினில் ஒரு ஹீமேன் ரிப்பேர்

எண்பதுகளில் பொம்மையாகவும் கார்ட்டூனாகவும் வந்த வாள்வீரன் ஹீமேன். அந்த ஹீமேன் பொம்மையின் இரண்டு கால்களையும் உடம்போடு சேர்த்துப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டுதான். திருகாணி கிடையாது, பசையும் கிடையாது. ஒரு காலின் கொக்கியில் ரப்பரின் ஒரு முனை, அடுத்த காலின் கொக்கியில் மறுமுனை, நடுவில் இடுப்பு எலும்பு. அந்த இழுவையில்தான் ஆள் நிற்கிறான். 1982-ல் மேட்டல் கம்பெனி இந்தப் பொம்மைகளைக் கடைக்கு அனுப்பியபோது, நாற்பது வருடம் கழித்து ராயபுரத்து உப்புக்காற்றில் ஒருவன் இதைப் பிரித்துக்கொண்டு உட்காருவான் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். குழந்தை ஒரு வருடம் விளையாடினால் போதும் என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கையும் தாண்டி வந்திருக்கிற பொம்மை என்பதால்தான் இதற்கு இவ்வளவு வேலை செய்யத் தோன்றியது.

என்னுடைய ஹீமேன் பரணில் எவர்சில்வர் தூக்கு ஒன்றுக்குள் இருந்தான். உடம்பு ஒரு பக்கம், கால்கள் தனித்தனியாக ஒரு பக்கம். ரப்பர் கறுப்பு மிட்டாய் போல நொறுங்கி, தூக்கின் அடியில் தூளாகக் கிடந்தது. தலை இருந்தது, மார்புக் கவசம் இருந்தது, கோடாரி இருந்தது. வாள் இல்லை. கப்பலில் வேலை பார்த்த மாமா ஒரே பையில் கொண்டுவந்த இரண்டு பொம்மைகளில் இது ஒன்று. இன்னொன்று ஹீமேனின் எதிரி ஸ்கெலிட்டார். அது என் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போனது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஸ்கெலிட்டாரிடம் ஊதா நிற வாள் பத்திரமாக இருக்கிறது என்பதால்தான் இந்த வேலையையே எடுத்தேன்.

காலில் இருந்து தொடங்கலாம்.

பழைய ரப்பர் ஏன் செத்தது என்று தெரிந்தால்தான் புதிதாக எதைப் போடலாம் என்று முடிவு செய்ய முடியும். இயற்கை ரப்பர் வெயிலிலும் காற்றில் இருக்கும் ஓசோனிலும் மெல்ல வெடிக்கும். சும்மா கிடக்கும் ரப்பரைவிட இழுபட்டு நிற்கும் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். ஹீமேனின் இடுப்புக்குள் இருப்பது எப்போதும் இழுபட்டே நிற்கிற ரப்பர். பரணோ ஓட்டுக்கு அடியில் இருக்கிறது, சித்திரை மாதத்தில் கை வைக்க முடியாது. அதனால் நம் வீட்டில் எல்லாரும் முதலில் தேடும் சைக்கிள் வால்வு டியூப் இதற்கு ஆகாது. போட்ட அன்று அருமையாக நிற்கும், ஆனால் அதுவும் இயற்கை ரப்பர்தான். தலைமுடி கட்டும் எலாஸ்டிக்கும் வேண்டாம், ஒருமுறை நீண்டால் பழைய இறுக்கத்துக்குத் திரும்பாது.

காசிமேட்டில் போட் இன்ஜின் சாமான் விற்கும் கடைகளில் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் சரம் சரமாகத் தொங்கும். பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். டீசலுக்கும் ஆயிலுக்கும் அசராது, ஆனால் ஓசோனுக்கு அதுவும் சுமார்தான். ரேடியேட்டர், தண்ணீர் லைன் பக்கம் போடுகிற, ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர் ரிங் என்று கேட்டால் வேறு பெட்டியை எடுப்பார்கள். வெயிலையும் காற்றையும் தாங்குவதில் அதுதான் கெட்டி. ஆயில் பட்டால் ஊதிவிடும், ஆனால் ஹீமேனின் இடுப்பில் ஆயிலுக்கு என்ன வேலை? கடைக்குப் பொம்மையையே எடுத்துப் போனேன். அளவு சொல்லி வாங்குவதைவிட, ஒரு காலின் கொக்கியில் மாட்டி, உடம்புக்குள் நுழைத்து, எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்று அங்கேயே பார்ப்பதுதான் சரி. ரொம்பச் சின்னதாக இருந்தால் தொடை இடுப்பில் ஒட்டிக்கொண்டு திரும்பாது. பெரிதாக இருந்தால் ஆள் குடித்தவன் மாதிரி தள்ளாடுவான். காலைத் திருப்பிவிட்டு கையை எடுத்தால் திருப்பிய இடத்திலேயே நிற்க வேண்டும், அதுதான் சரியான இழுவை. கடைக்காரர் பொறுமையாக ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து கொடுத்தார். "இன்னா தம்பி, போட்டுக்கா?" என்று முதலில் கேட்டவர், கடைசியில் அவரே காலைத் திருப்பிப் பார்த்து, "இது குந்திச்சு பாரு" என்று ரிங்கை எடுத்துக் கொடுத்தார்.

மாட்டும் முறை இதுதான். கால்கள் மெத்தென்ற பிளாஸ்டிக், அதனால் வெந்நீரில் கொஞ்சநேரம் போட்டால் இளகும். கொதிக்கிற நீர் வேண்டாம், கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். ரிங்கை ஒரு காலின் கொக்கியில் மாட்டி, ரிங்கின் மறுபக்கத்தில் கெட்டியான தூண்டில் நரம்பை இரட்டையாகக் கோத்துக்கொள்ள வேண்டும். நரம்பை இடுப்பு ஓட்டைக்குள் விட்டு அடுத்த பக்கம் இழுத்தால் ரிங் எட்டிப் பார்க்கும். அங்கே ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, இன்னொரு ஆள் இரண்டாவது காலின் கொக்கியை அதில் நுழைக்க வேண்டும். நரம்பை மெல்ல உருவி எடுத்ததும் இரண்டு கால்களும் 'டப்'பென்று உள்ளே போய் உட்காரும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னொருமுறை கழற்றி மாட்டலாம் போல இருக்கும்.

மற்ற சுத்தம் எல்லாம் சின்ன வேலை. பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர். பழைய பிளாஸ்டிக்கில் கால் பக்கம் பிசுபிசுவென்று ஒட்டும். பிளாஸ்டிக்கை மெத்தென்று வைத்திருக்கிற எண்ணெய்ப் பசைதான் வெளியே கசிகிறது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, பெயின்ட்டோடு உடம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, கொஞ்சம் டால்கம் பவுடர் தடவித் துடைத்தால் போதும்.

இடுப்பு ஸ்பிரிங்கைத் தொடவில்லை. இடுப்பைத் திருப்பி விட்டால் உடம்பு திரும்பி வந்து ஒரு குத்து விடும். பாக்சிங்கில் வளர்ந்த ஏரியா பையன்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் அந்தப் பொம்மையில் கிடையாது. மொட்டைமாடியில் ரிங் வரைந்து ஹீமேனையும் ஸ்கெலிட்டாரையும் குத்தவிட்டு, யார் முதலில் விழுகிறார் என்று பார்த்திருக்கிறோம். இப்போது குத்து கொஞ்சம் மெதுவாக வருகிறது, ஆனால் வருகிறது. ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பின் ஒட்டைப் பிளக்க வேண்டும். வேலை செய்கிற ஒன்றைத் திறப்பதில்லை என்று விட்டுவிட்டேன்.

இனி வாள். இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தது வாளுக்காகத்தான்.

வாள் செய்வதற்கு முன்னால் எந்த வாள் என்று தீர்மானிக்க வேண்டும். அங்கேதான் எங்கள் வீட்டின் பழைய சண்டை திரும்ப ஆரம்பித்தது.

டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஹீமேனின் வாள் ஒரு முழு வாள். இளவரசன் ஆடம் அதைத் தூக்கிப் பிடித்து மந்திரம் சொன்னால் ஹீமேன் ஆகிவிடுவான். ஃபிலிமேஷன் ஸ்டுடியோ 1983-ல் தொடங்கிய அந்தத் தொடர் மொத்தம் 130 பகுதிகள். தூர்தர்ஷனில் வந்தபோது தெருவில் டிவி இருந்த வீட்டு வாசலில் செருப்புக் குவியல் கிடக்கும். வசனம் எங்களுக்குப் பாதிக்கு மேல் புரியாது. புரியாத இடத்தில் நாங்களே தமிழில் பேசிக்கொள்வோம். ஒன்று மட்டும் எல்லாருக்கும் உறுத்தும்: இவ்வளவு பெரிய வாளை வைத்துக்கொண்டு ஹீமேன் யாரையும் வெட்ட மாட்டான், தூக்கிப் போடுவான், அவ்வளவுதான். அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு இருந்த கட்டுப்பாடு அது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு நீதியும் சொல்லி அனுப்புவார்கள்.

ஆனால் என் கையில் இருந்த பொம்மையின் வாள் அப்படி இல்லை. அதன் ஒரு பக்கத்தில் வேலைப்பாடு இருக்கும். மறுபக்கம் தட்டை. வார்க்கும்போது பாதியில் நிறுத்திவிட்ட மாதிரி இருக்கும். ஸ்கெலிட்டாரின் ஊதா வாளும் அதேபோல ஒரு பக்கம் தட்டை. இரண்டு தட்டைகளையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றோடொன்று கவ்வி ஒரே வாள் ஆகிவிடும். பொம்மையோடு வந்த குட்டிப் புத்தகத்தில் இதற்கான காரணம் இருந்தது. 1982-ல் வந்த அந்த முதல் வரிசைப் புத்தகங்களை எழுதியவர் டொனால்ட் கிளட். படம் போட்டவர் பிலிப்பைன்ஸ்காரரான ஆல்ஃபிரெடோ அல்காலா. பேச்சுக் குமிழிகள் கிடையாது. படத்துக்குக் கீழே கதையாக எழுதியிருக்கும். அதில் ஆடம் இல்லை, அரண்மனை இல்லை, மந்திரம் சொல்லி மாறுவதும் இல்லை. ஹீமேன் ஒரு காட்டுக் கூட்டத்தை விட்டுக் கிளம்பி வருகிற வீரன், அவ்வளவுதான். ஸ்கெலிட்டார் வேறொரு உலகத்திலிருந்து விழுந்தவன். பவர் ஸ்வோர்ட் என்கிற வாள் இரண்டு பாதியாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கிரேஸ்கல் கோட்டை திறக்கும். பொம்மை செய்தவர்கள் ஆளுக்கொரு பாதியை இருவர் கையிலும் கொடுத்துவிட்டார்கள்.

இளவரசன் ஆடம் முதலில் வந்தது டிவியில்கூட இல்லை. அதே 1982-ல் டிசி காமிக்ஸ் சூப்பர்மேனையும் ஹீமேனையும் சந்திக்கவைத்து வெளியிட்ட ஒரு இதழில்தான். டிவி அதை எடுத்து வளர்த்தது. வாளின் பாதிக் கணக்கை விட்டுவிட்டது. ஆனால் பொம்மையின் அச்சு ஏற்கெனவே வெட்டியாயிற்று. கதை மாறிய பிறகும் கடையில் பாதி வாள்தான் விற்றுக்கொண்டிருந்தது.

அதனால்தான் நான் சின்ன வயதிலிருந்து பிளாஸ்டிக் கட்சி. கதை எழுதுகிறவர்கள் மாறலாம், டிவிக்காரர்கள் திருத்தலாம், அச்சில் வார்த்தது பொய் சொல்லாது. ஏன் தட்டை என்று கேட்டால் பதில் ஒன்றே ஒன்றுதான்: மறுபாதி எங்கோ இருக்கிறது. ஸ்கெலிட்டாரை வைத்திருக்கிற பெரியப்பா மகன், என் அண்ணன், டிவி கட்சி. அவனும் இன்றுவரை மாறவில்லை. ஊதா வாளை இரவல் கேட்கப் போனபோது, ஸ்கெலிட்டாரைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"டேய், செய்யறதே செய்யற, முழு வாளா செய். டிவில வந்ததுதான் கதை. ஊரு முழுக்கப் பாத்தது அதைத்தான். உன் புக்கை எத்தினி பேர் பாத்தான்?"

"அண்ணா, உன் ஸ்கெலிட்டார் கையில இருக்கறதே பாதிதானே? டிவில அவன் ஆட்டுத்தலைக் கோலோட சுத்துவான். இந்த வாள் அவன்கிட்ட எதுக்கு வந்துச்சு?"

அதற்கு அவனிடம் பதில் இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை. ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கதை எதனால் கதை ஆகிறது? முதலில் எழுதியதாலா, அதிகம் பேர் மனதில் நின்றதாலா? எங்கள் தெருவில் ஹீமேன் என்றால் வாளைத் தூக்கிப் பிடிக்கிற ஆள்தான். பொம்மை இருந்த வீடு இரண்டே இரண்டு. மற்றவர்கள் எல்லாருக்கும் டிவிதான் மூலம். உலகம் முழுக்க இந்தச் சண்டை இன்றைக்கும் இதே இரண்டு கட்சியாகத்தான் நடக்கிறது. குட்டிப் புத்தகங்களை எல்லாம் டார்க் ஹார்ஸ் பதிப்பகம் 2015-ல் ஒரே தடித் தொகுப்பாகப் போட்டது. அதன் பிறகு புத்தகக் கட்சிக்குக் கொஞ்சம் ஆள்பலம் கூடியிருக்கிறது. ஹீமேனை உருவாக்கியது யார் என்பதிலேயே சண்டை உண்டு. வரைந்தது மார்க் டெய்லர் என்பார்கள், முதல் மாதிரிப் பொம்மைகளைச் செய்து யோசனையை விற்றது ராஜர் ஸ்வீட் என்பார்கள். இதில் ஒருவருக்கே முழுப் பெருமையையும் கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. வரைந்த கையும் வேண்டும், விற்ற வாயும் வேண்டும்.

இன்னொரு பழைய விவாதமும் அன்று வெளியே வந்தது. ஹீமேனையும் ஸ்கெலிட்டாரையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துச் சுத்தம் செய்தபோது, கவசத்தைக் கழற்றியதும் இரண்டு பேருக்கும் ஒரே மார்பு. தசை மேடு, வயிற்று வரி, தோள் எல்லாமே அச்சு அசல். ஒரே அச்சில் வார்த்து, நிறத்தை மாற்றி, தலை மாதிரிச் சில பாகங்களை மட்டும் வேறு மாட்டியிருக்கிறார்கள். செலவைக் குறைக்க மேட்டல் அந்த உடம்பைப் பல பாத்திரங்களுக்குப் பயன்படுத்தியது. கார்ட்டூனிலும் ஃபிலிமேஷன் இதையேதான் செய்தது, ஒரே ஓட்டத்தையும் ஒரே குத்தையும் வரைந்துவைத்துக்கொண்டு பகுதிக்குப் பகுதி போடும். ஆனால் சின்ன வயதில் எங்களுக்குச் செலவுக் கணக்கு தெரியாதே. ஒரே உடம்பு என்றால் ஒரே ரத்தம் என்று முடிவு கட்டிவிட்டோம். இவர்கள் பங்காளிகள். கோட்டை பாட்டன் சொத்து. வாளை ஆளுக்குப் பாதியாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள், மற்ற பாதியையும் எடுத்துக்கொள்ளத்தான் சண்டை. மொட்டைமாடியில் நாங்கள் விளையாடிய கதை முழுக்க இதுதான். ஸ்கெலிட்டார் கோர்ட்டுக்குப் போவதும் உண்டு.

1987-ல் வந்த குட்டிப் புத்தகம் ஒன்றில் ஆடமின் அப்பாவான அரசன் ராண்டார் காணாமல் போன தன் சகோதரன் கெல்டாரைத் தேடுகிறான். அந்தத் தேடல் எங்கே தன்னிடம் வந்து முடியுமோ என்று ஸ்கெலிட்டார் பதறுகிறான். கதை அங்கேயே தொங்கி நின்றுவிட்டது. 2002-ல் வந்த புதிய தொடரின் தொடக்கத்திலேயே கெல்டார்தான் ஸ்கெலிட்டார் என்று காட்டினார்கள். ராண்டார்மேல் எறிந்த அமிலம் திரும்பி வந்து அவன் முகத்திலேயே விழுகிறது. ராயபுரத்து மொட்டைமாடியில் நாங்கள் சொன்ன பங்காளிக் கதை, இத்தனை வருடம் கழித்து அசல் கதையாகிவிட்டது. நாங்கள் அதைக் கண்டுபிடித்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மார்புத் தசையைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தோம்.

அண்ணன் மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஸ்கெலிட்டாரின் ஊதாக் கவசத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது 2021-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த கணினி அனிமேஷன் ஹீமேன். "சித்தப்பா, எங்க ஆடம் காட்டுலதான் வளர்ந்தான். புலிக் கூட்டத்தோட. தான் இளவரசன்னே அவனுக்கு மறந்துபோச்சு. கெல்டார் அவங்க அப்பாகூடப் பொறந்தவன். இதுக்குப்போய் நீங்க ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சிக்கறீங்க?" என்றாள். காட்டு வீரனும் இளவரசனும் ஒரே ஆள், பங்காளியும் உண்டு. 1982-ல் கைவிட்ட காட்டை 2021-ல் திரும்ப எடுத்து வந்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம். அண்ணன் மட்டும், "ஆனா வாளு முழுசுதானேம்மா?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். செய்தது பாதி வாள்தான்.

ஊதா வாளின் வெளிக்கோட்டை எடுத்துக்கொள்ளலாம், இரண்டும் சேர்ந்து ஒரே வாளாக வேண்டியவை. ஆனால் முழுதாக அப்படியே அச்செடுத்தால் முதுகுப்பக்கம் பொருந்தாது. கவ்வுகிற இடத்தில் ஒன்றில் மேடு என்றால் மற்றதில் பள்ளம் வேண்டும். அதனால் முகத்தையும் முதுகையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும்.

முதலில் முகம். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் ஊதா வாளைத் தட்டைப்பக்கம் கீழாக வைத்து, இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டினேன். சுற்றிலும் அட்டையால் கரை கட்டி, இடுக்குகளைக் குழந்தைகளின் விளையாட்டுக் களிமண்ணால் அடைத்தேன். அதன்மேல் ஹார்டனர் கலந்த சிலிக்கான் ரப்பர். வாள்மேல் நேராகக் கொட்டாமல், ஒரு மூலையில் நூல் மாதிரி மெலிதாக ஊற்றினால் அது தானாக ஓடி வாளை மூடும், காற்றுக் குமிழி சிக்காது. சிலிக்கான் பழைய பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. அண்ணனிடம் அதை எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லித்தான் வாளை வாங்கி வந்தேன்.

அடுத்து முதுகு. சிலிக்கான் காய்ந்து வாளை எடுத்ததும் முகத்தின் பள்ளம் கிடைத்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் எம்-சீல் பிசைந்து நிரப்பினேன். ஊதா வாளின் தட்டைப்பக்கம் முழுக்க வாசலைனை ஒரு மெல்லிய படலமாகத் தடவி, அந்தத் தட்டைப்பக்கத்தை எம்-சீல்மேல் கவிழ்த்து, விளிம்போடு விளிம்பு பார்த்து அழுத்தினேன். பிதுங்கியதை ஈரமான பல்குச்சியால் வழித்து எடுத்தேன். இறுகியபின் இரண்டையும் பிரித்தால், எம்-சீல் வாளின் முகத்தில் பழைய வேலைப்பாடு, முதுகில் ஊதா வாளின் மேடு பள்ளத்துக்கு நேர் எதிரான மேடு பள்ளம். ஸ்கெலிட்டாரின் பாதியே ஹீமேனின் பாதியைச் செய்து கொடுத்துவிட்டது. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விளிம்பை நானூறு நம்பர் நீர்த்தாளில் தேய்த்து, கைப்பிடியை மட்டும் ஹீமேனின் முஷ்டியில் நுழைத்துப் பார்த்துக் கொஞ்சம் ஒல்லியாக்கினேன்.

எம்-சீல் வாளையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கீழே விழுந்தால் நடுவில் ஒடிந்துவிடும். அது வெறும் மாதிரிக்குச் செய்த வாள்தான். அதை வைத்து இரண்டு பக்க சிலிக்கான் அச்சு எடுத்து, உண்மையான வாளை ஃபைபரில் வார்த்தேன். இங்கேதான் காசிமேடு மறுபடியும் கைகொடுத்தது. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஃபைபர் போட் பழுதுபார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பாலியெஸ்டர் ரெசின், கண்ணாடி நார் மேட், பிக்மென்ட் எல்லாம் உண்டு. எனக்குத் தேவைப்பட்டது ஒரு டீ கிளாஸ் ரெசின். போட்டுக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் ஒருவர் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கையைப் பிடித்து நிறுத்தி ஒன்று சொன்னார்: "கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரா கலக்காத தம்பி. வெடிச்சிரும். கோபால்ட்ட ரெசின்ல போட்டு நல்லா கலக்கு. அப்புறமா ஹார்டனரு." கோபால்ட் என்பது ரெசின் இறுகுவதை வேகப்படுத்துகிற திரவம். அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சில்லை. கோபால்ட்டும் அந்த ஹார்டனரும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். வீட்டில் செய்கிறவர்கள் இரண்டு பாட்டிலையும் ஒரே டப்பாவில்கூட வைக்கக் கூடாது. மொட்டைமாடியில், காற்றோட்டத்தில், கையுறையோடும் கண்ணாடியோடும்தான் செய்ய வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

இந்த ரெசினை அசல் பொம்மைமேலோ ஊதா வாள்மேலோ பட விடக்கூடாது. அதில் இருக்கும் ஸ்டைரீன் பல பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். இறுகும்போது சூடும் கிளம்பும். மாதிரி வாளை முதலில் எம்-சீலில் செய்ததற்கு அதுதான் காரணம்.

நிறத்துக்கு வெள்ளைப் பிக்மென்ட்டும் ஒரு துளி கறுப்பும் ரெசினிலேயே கலந்தேன். மேலே பெயின்ட் அடித்தால் முஷ்டியில் உரசி உரிந்துவிடும். உள்வரை சாம்பல் நிறமாக இருந்தால் கீறல் விழுந்தாலும் சாம்பல்தான். கண்ணாடி நார் மேட்டிலிருந்து மெல்லிய இழைகளைப் பிரித்து, ரெசினில் நனைத்து, வாளின் நீளத்துக்கு அச்சுக்குள் படுக்கவைத்தேன். கூடவே நுனியிலிருந்து கைப்பிடி வரை ஒரு மெல்லிய எஃகுக் கம்பி. இழையை அறுத்துக் குறுக்கே போட்டால் பலம் வராது, நீளவாக்கில்தான் போக வேண்டும். போட்டிலும் அப்படித்தான் என்று அந்த அண்ணன் சொன்னார். ஹார்டனர் ரெசினின் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்பது பொதுக்கணக்கு. நம் ஊர் வெயிலுக்குக் கீழ்க்கணக்கே போதும், கூடினால் கலக்கிக்கொண்டிருக்கும்போதே ஜெல்லி ஆகிவிடும். காற்றுப் படுகிற இடத்தில் இந்த ரெசின் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதால், ஊற்றும் வாயை ஓஎச்பி ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தேன்.

அச்சைத் திறந்ததும் ஊற்றுவாயை அறுத்து, விளிம்பைத் தேய்த்து, ஊதா வாளோடு வைத்து அழுத்திப் பார்த்தேன். கவ்வியது. சாம்பலும் ஊதாவும் ஒரே வாளாக நின்றது. தூக்கிக் குலுக்கினாலும் பிரியவில்லை. நகத்தால் நெம்பினால்தான் விட்டது.

ஊதா வாளைத் திருப்பிக் கொடுக்க ஹீமேனையும் எடுத்துப் போனேன். அண்ணன் இரண்டு பாதிகளையும் சேர்த்தான், பிரித்தான், மறுபடி சேர்த்தான். சேர்ந்த வாளை வாங்கி ஹீமேன் கையில் கொடுத்துவிட்டு, "இப்போ பாரு, முழு வாளு. டிவில வந்த மாதிரியே இருக்கா?" என்றான். "அதுக்கு உன் பாதி தேவைப்பட்டுச்சு இல்ல?" என்றேன். அண்ணன் மகள் அதற்குள் ஸ்கெலிட்டார் கையிலும் சேர்ந்த வாளைக் கொடுத்துப் பார்த்து, கோட்டையைத் திறக்கக் கிளம்பிவிட்டாள். கோட்டை இன்னும் யாரிடமும் இல்லை. பழைய எவர்சில்வர் டிபன் கேரியர்தான் இப்போதைக்குக் கோட்டை.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் வார்த்த வாளின் தட்டைப்பக்கத்தில், கைப்பிடிக்கு மேலே, 'ரா' என்ற எழுத்தை ஊசியால் கீறியிருக்கிறேன். பழைய பொம்மைச் சந்தையில் அசல் வாளுக்கு நல்ல விலை உண்டு. நகல் வாளை அசல் என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. நாளைக்கு இந்தப் பொம்மை யார் கைக்குப் போனாலும் வாள் ராயபுரத்தில் வார்த்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் சிலிக்கான் அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், ஆனால் என் அச்சு இன்னும் சில வாளுக்குத் தாங்கும். தெரிந்தவர்களிடம் வாள் தொலைந்த ஹீமேன் இருந்தால் அவர்களுக்கும் வார்த்துக் கொடுக்கப் போகிறேன், அந்த 'ரா'வோடு சேர்த்து. அடுத்த வேலை கவசத்தின் முதுகுக் கொக்கி. அதில் ஒரு பக்கம் விரிசல் விட்டிருக்கிறது, மெத்தென்ற பிளாஸ்டிக் என்பதால் சாதாரண ஃபெவிகுவிக் நிற்காது. உள்பக்கமாக மெல்லிய நைலான் வலைத்துணி வைத்து ஒட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.